கத்திச்சந்தில் இறங்கியவள்

மாசாணத்துக்கு உடம்பில் எங்கே வலித்தாலும் பொறுத்துக்கொள்வான். பெயரில் வலித்தால் பொறுக்கமாட்டான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருந்த நெடுங்கல்பாளையத்தில் அவனுக்குக் 'கயித்து மாசாணம்' என்று பெயர். கிணற்றில் மாடு விழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குடம் விழுந்தாலும் அவன்தான், தூர் வார வேண்டுமென்றாலும் அவன்தான். ஒரு முறை பக்கத்து ஊரில் புது மருமகள் ஒருத்தி மாமியாரிடம் கோபித்துக்கொண்டு கிணற்றில் குதித்தபோது, இறங்கி அவளைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தவனும் அவன்தான். அந்தக் கதையை அவன் வாயால் நூறு முறையாவது சொல்லியிருப்பான். முதல் முறை சொன்னபோது இருந்ததைவிட நூறாவது முறை அந்தக் கிணறு இரண்டு மடங்கு ஆழமாகியிருந்தது.

அவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். மாசாணம் ஊருக்கு மேற்கே தள்ளியிருந்த வளவில் குடியிருந்த கூலிக்காரன். நிலக்காரப் பண்ணாடிகளின் வேலிக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். நீட்டுவதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கையில் கயிறு இருக்கும் நேரத்தில் மட்டும் அது மாறிவிடும். அப்போது எப்பேர்ப்பட்ட பண்ணாடியும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 'இழு' என்றால் இழுப்பார்கள், 'நிறுத்து' என்றால் நிறுத்துவார்கள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டதும் அவன் பழையபடி வேலிக்கு வெளியே போய்விடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவன் உயிர் வாழ்ந்தான் என்று சொன்னால் தப்பில்லை.

அவன் மனைவி சின்னாத்தாள் ஒல்லி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் குடம்தான் நடந்து வருகிறது என்று வளவில் கேலி செய்வார்கள். கிணறு வெட்டுகிறவரின் மகள். நடக்கத் தெரியுமுன் நீந்தத் தெரிந்தவள். மாசாணம் வள்ளியாத்தாள் என்ற கவுண்டச்சியின் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய நாலு வருசமும், தினமும் காலையில் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் குடித்து முடிக்கும்வரை மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததை மாசாணம் தனக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தாறாம் வருசம் ஐப்பசியில் மலைமேல் பெரிய மழை. ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது ஒரே ஓர் ஓடைதான். அது மலையிலிருந்து இறங்கி, கத்திச்சந்து என்ற பாறைப் பிளவுக்குள் விழுந்து, பிளவின் அடியில் இருக்கும் ஓர் ஓட்டை வழியாக வெளியே வந்து வாய்க்காலில் சேரும். பாறையைக் கத்தியால் கீறிவிட்ட மாதிரி நெட்டுக்குத்தான பிளவு. அந்த மழையில் மரம் ஒன்று வேரோடு வந்து அடி ஓட்டையில் செருகிக்கொண்டது. பின்னாலேயே வந்த கல்லும் சேறும் சருகும் அதை நன்றாக அடைத்துவிட்டன. தண்ணீர் உள்ளேயே தேங்கி, கிழக்கே ஏதோ விரிசலில் கசிந்து, யாருக்கும் உதவாத முள்ளுக்காட்டுக்குப் போனது. தை பிறந்தபோது நெடுங்கல்பாளையத்து வாய்க்காலில் நண்டுகூட இல்லை.

கீழேயிருந்து குத்தியும் இடித்தும் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. மேலேயிருந்து இறங்கி, உள்பக்கமிருந்து மரத்தை வெட்டி எடுத்தால்தான் உண்டு. ஊர்ப் பெரியவர் பாலுசாமிக் கவுண்டர் ஆள் அனுப்பி மாசாணத்தை வரச் சொன்னார்.

"பத்து மாரு ஆழமுடா. எறங்கீருவியா?"

"எறங்கறதுக்குத்தானுங்களே நான் பொறந்தது" என்றான் மாசாணம்.

கையை விரித்து அளந்தால் ஒரு மார். அப்படிப் பத்து. முதல் இரண்டு மார் சுலபம். ஒரு திட்டில் கால் வைக்கலாம். அங்கே ஒரு தொட்டி அளவுக்குத் தண்ணீர், இடுப்பு வரை. தை மாதத்துத் தண்ணீர், வெயிலே பார்க்காதது. கால் வைத்த உடனே எலும்பு வரைக்கும் ஏறும். அந்தத் தொட்டியைக் கடந்தால் மறுபடி இறக்கம், இந்த முறை எட்டு மார், அடியில் தேங்கிய குளம் வரைக்கும். அந்த எட்டு மார் இறக்கத்தின் வாய்தான் குறுகல். ஊர் முழுவதும் பாறைமேல் கூடி நிற்க, மாசாணம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினான். திட்டைக் கடந்தான். குறுகலில் காலை விட்டான், இடுப்பை விட்டான், மார்பு மாட்டிக்கொண்டது.

மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. மூச்சை வெளியே விட்டால் இன்னும் கொஞ்சம் கீழே நழுவுகிறான்; உள்ளே இழுத்தால் பாறை நெரிக்கிறது. கடைசியில் ஆறு பேர் சேர்ந்து இழுத்ததில் இரண்டு தோளிலும் தோல் உரிந்து மேலே வந்து விழுந்தான். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது யார் என்று கண்டுபிடிக்க அவன் ஒரு மாதம் அலைந்தான்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து சின்னாத்தாளின் குரல் வந்தது. "ஏனுங்க பண்ணாடி, நான் எறங்கிப் பாக்கட்டுங்களா?"

மாசாணம் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பாலுசாமிக் கவுண்டர் அவளை மேலும் கீழும் பார்த்து அகலத்தை அளந்தார். "எறங்கு" என்றார்.

முதல் நாள் கயிற்றைப் பிடித்து இறக்கியது மாசாணம்தான். அன்று மத்தியானம் வரைக்கும் அவனுக்குப் பெருமைகூட இருந்தது. தன் பொருள் நன்றாக உழைக்கிறது என்கிற மாதிரியான பெருமை. ஆனால் சின்னாத்தாள் இரண்டாம் முறை இறங்குவதற்கு முன்னால் ஒன்று சொன்னாள். மேலேயிருந்து ஆள் விட்டு இறக்கினால் வெட்டி வெட்டி இழுக்கிறது, பாறையில் மோதுகிறது. கயிற்றை மேலே நிற்கும் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, தன் தொடையில் ஒரு சுற்றுச் சுற்றித் தோள்மேல் போட்டுக்கொண்டால் தானே விட்டு விட்டு இறங்கிக்கொள்ளலாம் என்றாள். மேலே வரும்போது மட்டும் இழுத்தால் போதும். செய்தும் காட்டினாள். காலைப் பாறையில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு நடந்து இறங்குகிறவளைப் போல இறங்கிப் போனாள். ஊரே ஹாவென்று பார்த்தது. பதினைந்து வருசம் கயிற்றோடு புரண்ட மாசாணத்துக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை. அவனுக்குப் பொறாமை பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

மறுநாள் அவள் விறகு பொறுக்கப் போன சமயம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் கயிறு கட்டி, தொடையில் சுற்றி, சாய்ந்து பார்த்தான். கயிறு வழுக்கி மல்லாக்க விழுந்தான். பார்த்தது ஓர் ஆடு மட்டும்தான். இருந்தாலும் அதை அவன் கல்லால் அடித்தான்.

உள்ளே வேலை நாள் கணக்கில் நீண்டது. சின்னாத்தாள் குளத்து நீரில் கழுத்து வரை நின்றுகொண்டு, அரிவாளால் மரத்தைக் கொத்தி, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். ஒரு நாழிகைக்கு மேல் அந்தக் குளிரில் நிற்க முடியாது; உதடு நீலமாகி மேலே வருவாள், நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருவாள், மறுபடி இறங்குவாள். கவுண்டரின் மகன் அங்கப்பன் உடுமலைப்பேட்டையில் படித்தவன்; அவன் தன் பழைய அரைக்கால் சட்டை ஒன்றைக் கொடுத்து, "பாறைல ஒரசாம இருக்கும், போட்டுக்க" என்றான். சின்னாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகி, அடியில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஊர்களிலிருந்து பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். வள்ளியாத்தாள் கவுண்டச்சி வெல்லம் போட்ட பச்சைப்பயறு அவித்துத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். கவுண்டர் இப்போதெல்லாம் மாசாணத்தைத் தாண்டி அவளிடமே பேசினார். "ஏம்மிணி, இன்னும் எத்தன நாளாகும்?" அம்மிணி! அவனுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் 'ஏண்டா' தான்.

மாசாணத்துக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். அவள் மேலே வந்ததும் கட்டிக்கொள்ள உலர்ந்த சேலையை நனையாமல் வைத்துக்கொண்டு நெருப்பருகே உட்கார வேண்டும். கயிற்று மாசாணம் மடியில் பெண்டாட்டி சேலையோடு உட்கார்ந்திருந்தான். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "சின்னாத்தா புருசன் நீதானா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவன் ஒரு விறகைத் தூக்கி நெருப்பில் போட்டான்.

வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்றான். மறுநாள் உப்பு அதிகம் என்றான். அவள் தொடையில் கயிறு அறுத்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, "காந்துதுங்க மாமா" என்றாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் தோற்றுப்போக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். சாக வேண்டும் என்று இல்லை. அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை. ஒரே ஒரு முறை எல்லார் முன்னாலும் அவள் பொத்தென்று தண்ணீரில் விழ வேண்டும், ஊர் கொல்லென்று சிரிக்க வேண்டும், தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி. அது போதும். அதற்குப் பிறகு அவள்மேல் பழையபடி பிரியமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் இழுக்க ஆள் இல்லை. வலுவான நாலு பேர் மதுக்கரைக்குச் சிமிட்டி வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கையெல்லாம் கொப்புளம். "கவலை மாட்டக் கட்டி இழுத்தா என்ன?" என்றார் கவுண்டர். நல்ல யோசனைதான். சந்தின் விளிம்பிலிருந்து பாறை பின்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. கவலை ஓடும் சரிவு மாதிரியே இருக்கும். கவலையில் மாடுகள் சரிவில் கீழ்நோக்கி நடந்தால் கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் நிறைந்த தோல் சால் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேலேறும், சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். இங்கே சாலுக்குப் பதில் சின்னாத்தாள், அவ்வளவுதான்.

வள்ளியாத்தாள் தோட்டத்துச் சோடி வந்தது. அதை இப்போது ஓட்டுகிற ராசப்பன் அன்னூரில் தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போயிருந்தான். அங்கப்பனே பிடித்து வந்தான். அவனுக்குப் பாடப் புத்தகம் தெரியும், கவலை தெரியாது. ஆனால் பாலுசாமிக் கவுண்டருக்குத் தெரியும். கவலை மாடு தன் சரிவின் நீளத்தைக் காலில் வைத்திருக்கும். பழகிய தூரம் முடிந்ததும் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நின்று, பின்னால் ஏற ஆரம்பித்துவிடும். அதனால்தான் அவர் நெருப்பருகே உட்கார்ந்திருந்தவனிடம் வந்து கேட்டார்.

"ஏண்டா மாசாணம், நீ ஓட்டுன சோடிதானே இது? அந்தத் தோட்டத்துக் கவலை எத்தன மாரு? பத்து இருக்குமா?"

அந்தக் கவலை ஏழு மார். நாலு வருசம் அந்தச் சரிவில் அவன் போகாத நாளில்லை; கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவான். அவன் சந்துப் பக்கம் பார்த்தான். உள்ளே அரிவாள் கொத்தும் சத்தம் கேட்டது. மடியில் சேலை.

"இருக்குமுங்க" என்றான்.

சொன்னதும் உடம்பெல்லாம் லேசாக ஆனது போல இருந்தது. பத்தில் ஏழு மார் தூக்குவார்கள், மாடு நிற்கும், திரும்பும், அவள் பொத்தென்று தண்ணீரில் போய் உட்காருவாள். அவள்தான் தண்ணீரில் பிறந்தவள் ஆயிற்றே, ஒன்றும் ஆகாது. அவனுக்கு வந்த சிரிப்பைச் சேலையில் மறைத்துக்கொண்டான்.

அவன் கணக்கில் வராத ஒன்று இருந்தது. அன்றைக்குத்தான் கடைசித் துண்டு மரம் ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

உள்ளேயிருந்து முதலில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு பாறையே இரைந்தது. மூன்று மாதமாகத் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டை வழியாக வெளியே பாய ஆரம்பித்தது. கீழே வாய்க்காலோரம் நின்றவர்கள் "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்கள். கயிறு மூன்று முறை வெட்டி இழுபட்டது. தூக்கு என்று அவள் சொல்லும் சாடை. அங்கப்பன் மாட்டை விரட்டினான். மாடுகள் நடந்தன. ஒரு மார், இரண்டு மார், ஐந்து, ஆறு, ஏழு. நின்றன. ஒன்றையொன்று பார்க்காமலே, சேர்ந்து, பின்பக்கமாக ஏற ஆரம்பித்தன.

"ஏய்! ஏய்! போ!" அங்கப்பன் வாலை முறுக்கினான், சாட்டையால் அடித்தான். அடிக்க அடிக்க அவை வேகமாகப் பின்னால் ஏறின. கவலையில் அப்படித்தான் பழக்கியிருந்தது. கயிறு ஓடி ஓடிச் சந்துக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கத்தல் வந்தது. சின்னாத்தாள் கத்தி மாசாணம் அதுவரை கேட்டதில்லை.

சேலை எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஓட்டையை நோக்கி இழுக்கிற தண்ணீருக்குள் அவள் போகிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய் மாடுகளுக்கு முன்னால் நின்று இரண்டு மூக்கணாங்கயிற்றையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தான். "வா சாமி, வா, வா, என்ற ராசா, இன்னும் மூணு மாருதான், வா" என்று பழைய குரலில் கூப்பிட்டான். அந்தக் குரல் அவற்றுக்குத் தெரியும். நின்றன. மூக்கில் ரத்தம் வர இழுத்தான். ஓர் அடி முன்னால் வைத்தன. இன்னோர் அடி. ஏழு மாருக்கு வந்ததும் மறுபடி தயங்கின. அவன் அழுதுகொண்டே அவற்றின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தான். எட்டு. ஒன்பது. விளிம்பில் ஒரு கை தெரிந்தது.

சின்னாத்தாளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தண்ணீரைக் கக்கினாள். ஒரு முழங்கால் கிழிந்திருந்தது, காதோரம் ரத்தம். உயிர் இருந்தது.

"தண்ணிச் சத்தத்துல மாடு மெரண்டுபோச்சுடா" என்றார் கவுண்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் அதையே சொன்னார்கள். "மாசாணம் மட்டும் இல்லீன்னா இன்னைக்குப் பொணந்தானுங்க." கவுண்டர் அவன் தோளில் கை வைத்தார், அந்த ஊரில் அப்படி ஒன்று நடந்ததை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் புது வேட்டி ஒன்று வந்தது. ஊர் மறுபடி அவனைக் கயித்து மாசாணம் என்றது. அவன் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே நாளில் கையில் வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் சின்னாத்தாள் கண் திறந்ததும் முதலில் பார்த்தது மாடுகளை. அடையாளம் கண்டுகொண்டாள். நாலு வருசம் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்து அந்தச் சோடி இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தவள் அவள்; அவை எத்தனை மாரில் திரும்பும் என்று புருசனைப் போலவே அவளுக்கும் தெரியும். பிறகு புருசனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. கஞ்சி ஊற்றினாள், விளக்கேற்றினாள், முழங்காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டாள். கேட்டிருந்தால் அவன் பொய் சொல்லியிருப்பான், அல்லது காலில் விழுந்திருப்பான். இரண்டுக்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. அவன் குழம்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

அடுத்த ஐப்பசி மழையில் கத்திச்சந்து மறுபடி அடைத்துக்கொண்டது. தை மாதம் ஊர் பாறைமேல் கூடியது. கவுண்டர் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். "ஏம்மிணி, எறங்குவியா? போன தடவ பயந்துட்டயோ என்னமோ."

"எறங்கறனுங்க" என்றாள் சின்னாத்தாள். "ஆனா ஒண்ணுங்க. கயித்த மரத்துல கட்ட வேண்டாம். மாட்டுலயும் வேண்டாம். மறுநுனிய எங்கூட்டுக்காரரு இடுப்புல கட்டோணும். வெளும்புக்கிட்ட அவரு நிக்கோணும். அவரு பின்னால நாலு பேரு புடிச்சுக்கட்டும்."

கூட்டம் உருகிவிட்டது. வள்ளியாத்தாள் கவுண்டச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புருசன் மேல எத்தன உசுரு பாத்தயா! செத்தாலும் பொழச்சாலும் ஒண்ணாங்கறா." பெண்கள் எல்லாரும் மாசாணத்தைப் பார்த்தார்கள், கொடுத்து வைத்தவன் என்று. பாலுசாமிக் கவுண்டர், "கேட்டயாடா? கோயில் கட்டிக் கும்புடோணும்டா இவள" என்றார்.

மாசாணம் விளிம்பில் போய் நின்றான். கால் விரலுக்கு நாலு விரல் முன்னால் பாறை முடிந்தது. அதற்குக் கீழே பத்து மார் இருட்டு, குளிர்ந்த தண்ணீர். சின்னாத்தாள் கயிற்று நுனியை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். அவள் உச்சி அவன் மோவாய்க்குக் கீழே இருந்தது. யாருக்கும் கேட்காத குரலில் அவன் கேட்டான்.

"இன்னும் என்மேல நம்பிக்க வரலியா புள்ள?"

"கையத் தூக்குங்க மாமா" என்றாள் அவள். "முடிச்சுப் போடோணும்."